இருதயம் பார்க்கும் கெமரா நுவரெலியாவுக்குப் போகட்டும்

மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கி டீன்ஸ் வீதியால் நடந்தால் தேசிய வைத்தியசாலை வந்துவிடும். பதுளை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து வரும் ரயில்கள் மருதானையைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகின்றன. 1864இல் தொடங்கிய அந்த வைத்தியசாலையை நம்பி, கையில் கிளினிக் கொப்பியும் பக்கத்தில் ஒரு துணையாளுமாக வந்து இறங்குகிறவர்களில் இருதய நோயாளிகளும் உண்டு. நம் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்பது இருதய இரத்தக்குழாய் நோய்தான். ஆனால் அணு மருத்துவக் கெமராவால் இருதயத்தைப் பார்க்கும் வசதி கொழும்பு, பேராதனை போன்ற சில இடங்களோடு நின்றுவிடுகிறது. நோயாளி கெமராவைத் தேடி வரும் இந்த ஏற்பாடு மாற வேண்டும், கெமரா நோயாளியிடம் போக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு வாகனம் வாங்குவது முதல் வேலையல்ல.

சோதனை இதுதான். நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்க விட்டு, இருதயம் வேகமாகத் துடிக்கும் நேரம் பார்த்து டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். இருதயத் தசையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறதோ, அந்த அளவுக்கு மருந்தும் அங்கே தங்கும். அதிலிருந்து வெளிவரும் காமாக் கதிர்களைக் கெமரா படமாக்கும். ஓய்வாக இருக்கும்போது இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உழைக்கும்போது மட்டும் இரத்தம் போதாமல் தவிக்கும் தசை எது, ஏற்கெனவே செத்துப்போன தசை எது என்று தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு டைபிரிடமோல் அல்லது அடினோசின் கொடுப்பார்கள். தேயிலையில் உள்ள கஃபைன் அந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி கூடாது. ஹட்டன் பக்கத்து லயமொன்றிலிருந்து கிளம்பும் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு பிளேன்டீ கூட இல்லாமல் மலை இறங்க வேண்டும். இரண்டு படங்களும் இரண்டு நாட்களுக்குப் பிரிந்தால் தங்குவதற்கு இடமும் தேட வேண்டும். அவளுக்கு இரண்டு மூன்று பேர், அதாவது இரண்டு மூன்று நாள் சம்பளம், போய்விடும்; துணைக்கு வரும் மகனின் கூலியும் போகும். பெண்களுக்கு ட்ரெட்மில் ஈசிஜி மட்டும் எடுத்தால் தவறான முடிவு வரும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். இந்தச் சோதனை மிகவும் தேவைப்படுகிறவர்களில் ஒருத்திக்கே அது மிகத் தூரத்தில் இருக்கிறது.

கெமராவை நகர்த்த முடியாது என்ற காலம் போய்விட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமாக் கெமராவும் அதன் வழிவந்தவையும் பெரிய பளிங்கும் ஈயக் கவசமுமாக ஓர் அறையையே பிடித்துக்கொண்டவை. இன்று இருதயத்துக்கென்றே சிறிய திண்மநிலைக் கெமராக்கள் இருக்கின்றன. காட்மியம் சிங்க் டெலுரைட் உணரிகள் கொண்டவை குறைந்த மருந்தைக் கொண்டு சில நிமிடங்களில் படத்தை முடிக்கின்றன. அமெரிக்காவில் டிஜிராட் போன்ற நிறுவனங்கள், நோயாளி உட்கார்ந்தபடியே படமெடுக்கும் கெமராவை வேனில் ஏற்றி வைத்தியர்களின் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய் இறக்கிவந்தன.

சிக்கல் மருந்தில் இருக்கிறது. டெக்னீசியத்தின் அரைவாழ்வு 6 மணி நேரம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் போய்ச் சேரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். காலையில் ஏற்றிய மருந்தில் பாதிதான் அங்கே இறங்கும். ஆகவே அவ்வளவு தூரத்துக்கு மருந்தை அனுப்பாமல், அதைக் கறந்தெடுக்கும் மொலிப்டினம் ஜெனரேட்டரையே அங்கே வைக்க வேண்டும். மொலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணி நேரம் என்பதால் ஒரு ஜெனரேட்டர் சுமார் ஒரு வாரம் பயன்படும். பிறகு புதிது வர வேண்டும். 2009 மே மாதம் கனடாவின் சோக் ரிவர் அணு உலை பழுதாகி 2010 ஓகஸ்ட் வரை மூடிக்கிடந்தபோது உலகம் முழுவதும் இந்தச் சோதனைகள் தடுமாறின. 2022இல் டொலர் இல்லாமல் சாதாரண மருந்துகளுக்கே நாம் அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வாராவாரம் ஜெனரேட்டர் வருவதற்கு நிரந்தர நிதி ஒதுக்காமல் வேன் வாங்கினால், அது வைத்தியசாலை வளவில் துருப்பிடிக்கும். கிட்டிய தூரமென்றால் கணக்கு எளிது. பேராதனையிலிருந்து நுவரெலியா மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் மருந்தில் ஏறத்தாழ 70 வீதம் எஞ்சும். காலையில் அதற்கேற்பக் கூட்டி எடுத்தால் போதும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, வேன் வந்தால் தேவையில்லாத சோதனைகள் பெருகும் என்பது. அந்தப் பயம் நியாயமானது. நோய்க்குறி இல்லாதவர்களுக்கு இத்தகைய படம் எடுப்பதைத் தவிர்க்கும்படி அமெரிக்க இருதயவியல் கல்லூரியே 2012இல் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் படங்கள் கூடத்தான் செய்யும். இங்கே சேவை அரசினுடையதாக இருந்து, இருதய வைத்திய நிபுணரின் கடிதம் இல்லாமல் யாரும் கெமராவின் முன் உட்கார முடியாது என்ற விதி இருந்தால் அந்தக் கதவை அடைக்கலாம். கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் அந்த அரைவாழ்விலேயே இருக்கிறது. 60 மணி நேரத்தில் டெக்னீசியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கழிவைப் பூட்டி வைத்துக் காத்திருந்தால் போதும். 2014ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அனுமதி வழங்கவும் கண்காணிக்கவும் இருக்கிறது.

இந்தப் பணத்தில் அஞ்சியோ (இருதய இரத்தக்குழாய்ப் படம்) செய்யும் கூடங்களைக் கூட்டலாமே என்றும் கேட்கலாம். மாரடைப்போடு வருகிறவருக்கு அந்தக் கூடம்தான் உயிர். அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. அவசரமில்லாத, நாட்பட்ட நெஞ்சுவலிக்காரரின் நிலை வேறு. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் பங்குகொண்டார்கள். மருந்தோடு நிறுத்தியவர்களைவிட, உடனே அஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் போனவர்களிடம் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. அப்படியானால் படமும் எதற்கு? வலி இருதயத்தினுடையதா என்று அறிவதற்கு. படம் சீராக இருந்தால், அடுத்த ஓராண்டில் மாரடைப்போ இருதய மரணமோ வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அவரை ஊர்க் கிளினிக்கின் மருந்தோடு விடலாம். கொழும்புக் கட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கும். ஸ்ட்ரெஸ் எக்கோ என்ற ஒலியலைச் சோதனையில் தேர்ந்தவர் இருக்கும் இடத்தில் அதையே முதலில் செய்யட்டும். அது மலிவு, கதிர்வீச்சும் இல்லை. அப்படிப்பட்டவர் இல்லாத மாவட்டங்களுக்காகத்தான் இந்தக் கோரிக்கை.

சுகாதார அமைச்சு ஒரே ஒரு பாதையில் தொடங்கட்டும். பேராதனையிலிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு, வாரத்தில் ஒரு குறித்த நாள், ஒரு கெமரா, ஓர் அணு மருத்துவ வைத்தியர், ஒரு தொழில்நுட்பவியலாளர், ஒரு தாதி. ஜெனரேட்டருக்கான ஓராண்டுப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு வேனுக்கு டெண்டர் கோருங்கள்.