எக்ஸ்ரே அறையில் நமக்கு இடமில்லையா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" திருவதிகை, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. கடையில் நிற்கவும் வண்டி ஓட்டவும் நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அதே வளைகுடாவின் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு, முறையாகப் படித்து, அந்நாட்டு உரிமத் தேர்வும் எழுதியவர் போகிறார். வியர்வை இருவருக்கும் ஒன்றுதான். ஊதியமும் மரியாதையும் ஒன்றா? சிந்திக்க வேண்டாமா?

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டறிந்தார். காப்புரிமை எடுக்காமல் உலகுக்கே விட்டுக் கொடுத்தார். 1934-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆக, தமிழ்நாட்டுக்கு இது புதிய தொழிலல்ல. நமக்குத்தான் புதிதாகத் தெரிகிறது!

வெளியூர் போக வேண்டாம். பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மார்பு எக்ஸ்ரே அதில் ஒரு பகுதி. என்.எல்.சி. வெளியிடும் அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் ஃபிட்டர், வெல்டருடன் மெடிக்கல் லேப் டெக்னீஷியன் (ரேடியாலஜி) என்ற பிரிவும் வந்திருக்கிறது. அதை நம் மஹல்லா அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர் எத்தனை பேர்?

ஆறு மாதச் சான்றிதழ்!

இங்கேதான் நம் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். 'ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், வேலை உறுதி' என்று மாடியில் பலகை தொங்கும். தகப்பனார் கடை முதலில் கைவைத்துப் பணம் கட்டுவார். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு காகிதம்.

சட்டம் என்ன சொல்கிறது? எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். கருவியை இயக்குபவர் அறிவியல் பாடத்துடன் பிளஸ் டூ முடித்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் செய்முறைப் பயிற்சியுடன் படித்திருக்க வேண்டும். 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் இத்துறையையும் பதிவுக்குள் கொண்டு வந்திருக்கிறது. தகுதியில்லாதவருக்கு இனி நாளுக்கு நாள் கதவு மூடும்.

ஆகவே சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்புக்கு யார் அங்கீகாரம்? உத்தரவின் நகலைக் காட்டுங்கள்." தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு, அரசு மருத்துவக் கல்லூரிகளின் டிப்ளமோ, புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்ஸி. என்று நேர்வழிகள் இருக்கின்றன. மழுப்புகிற இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்!

3.5 சதவீதம் எதற்கு?

2007-ல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு தந்தது. எத்தனை ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது! ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்கு இடஒதுக்கீடு என்ன செய்யும்? சாதிச் சான்றிதழில் விவரம் சரியாக இருக்கிறதா என்று பிளஸ் டூ படிக்கும்போதே பார்த்து வையுங்கள். கலந்தாய்வுக்கு முதல் நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்க, மார்பகப் பரிசோதனை செய்ய, பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பெண்ணைப் படிக்க அனுப்பாமல், பெண் டெக்னீஷியன் எங்கிருந்து வருவார்?

"கதிர் ஆபத்தில்லையா?" என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். முறை தெரியாதவருக்கு ஆபத்துதான்; அதனால்தான் படிப்பு. கதிர் வரும் புள்ளியிலிருந்து இரு மடங்கு தள்ளி நின்றால் அளவு நான்கில் ஒன்றாகக் குறையும். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றால் இன்னும் குறையும். ஊழியர் நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் அவர் வாங்கிய அளவைக் கணக்கு வைக்கும். ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது ஐந்தாண்டுச் சராசரி வரம்பு. எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் தராத இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்திரியிலும் பலாவிலும் ஒரு பருவம் நஷ்டம் வந்தால் அடுத்த பருவம் ஈடுகட்டலாம். ஒரு பிள்ளையின் படிப்புப் பருவம் திரும்பாது. ஊருக்கு இரண்டு பிள்ளைகள் – ஓர் ஆண், ஒரு பெண் – என்று ஜமாஅத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் கட்டணத்தைக் கடைத்தெரு பகிர்ந்து கொள்ளட்டும். ஸ்கேன் சென்டர் நடத்தும் நம்மவர்கள், குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறான் என்று படிக்காதவனைக் கருவி முன் நிறுத்தாமல், படித்தவரை அமர்த்தட்டும்.

பாஸ்போர்ட் எடுப்பதைத் தடுக்கவில்லை. அதற்கு முன் பட்டமோ டிப்ளமோவோ எடுங்கள் என்கிறோம். இந்த ஆண்டு விண்ணப்பத் தேதி வரும்போது உங்கள் தெருவிலிருந்து எத்தனை பெயர் போகப் போகிறது?