குளம் நிறைஞ்சிருந்தும் கொக்குக்கு இரை இல்லையா? திண்டுக்கல் குளங்களில் என்ன சிக்கல்?

வடகிழக்கு பருவமழையில் குளம் நிரம்பினால் பறவைகளுக்குக் கொண்டாட்டம்னுதான் பலரும் நினைப்பாங்க. ஆனால் ஆத்தூர் காமராஜர் அணையிலோ, பழனி வையாபுரி குளத்திலோ கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் இரை தேடுவது ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில்தான். ஏன்?

கால் நீளம்தான் எல்லை

இவை தண்ணீரில் நடந்தே இரை தேடும் பறவைகள். கால் எட்டும் ஆழம் வரைதான் சாப்பாடு. சிட்டுக்குருவி சைஸில் இருக்கும் கொசு உள்ளானுக்கு ஈரச் சேறே போதும். நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நாரை அதையும் தாண்டி நிற்கும். ஒரே குளத்தில் போட்டி குறைவது இப்படித்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு டெக்னிக்

* சின்னக் கொக்கு: மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கும். பதறி ஓடும் மீனை லபக்கென்று பிடிக்கும்.

* மஞ்சள் மூக்கு நாரை: அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்தபடி நடக்கும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இதன் உறவினமான அமெரிக்க மர நாரைக்கு இதற்கு ஆகும் நேரம் சுமார் 25 மில்லி செகண்ட். கண் இமைப்பதைவிட வேகம்!

* நத்தைகுத்தி நாரை: கீழ் அலகின் நுனியை நத்தைக்குள் விட்டு, சதையை அறுத்து எடுக்கும்.

* கரண்டிவாயன்: அலகை இடமும் வலமுமாக வீசித் துழாவும்.

தண்ணீர் வற்றினால் நல்லதா?

ஆமாம். ஜனவரிக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வற்றும்போது மீன்கள் சின்னப் பள்ளங்களில் ஒதுங்கும், புதுச் சேறு வெளியே தெரியும். அதுதான் பறவைகளுக்குப் பந்தி. ஆர்க்டிக் பகுதிக்குத் திரும்ப வேண்டிய கொசு உள்ளான், பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பதும் அப்போதுதான்.

அப்போ சிக்கல் எங்கே?

கரையில். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியுடன் குளங்களில் இலவசமாக வண்டல் மண் எடுக்கலாம் என 2024-ல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் தூர்வாருவது அவசியம். ஆனால் பொக்லைன் வைத்து ஓரத்தையும் செங்குத்தாக வெட்டினால் குளம் தொட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் நிற்கும், நடந்து மேய இடம் இருக்காது. மிச்சமிருக்கும் ஓரத்தையும் ஆகாயத்தாமரை மூடிவிட்டால் இரை கிடைப்பது கஷ்டம்தான்.

தமிழகத்தில் 20 ராம்சர் ஈரநிலங்கள் இருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் இங்குள்ள குளங்களின் கதி, தூர்வாரும் வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டு, ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடலாம். விவசாயிக்குத் தண்ணீரும் கிடைக்கும், கொக்குக்கு இரையும் மிஞ்சும்.