உழவர் அறிவும் மாறும் பருவமும்

உழவுத்தொழிலின் மேன்மையைப் புகழாத மேடை நம் நாட்டில் இல்லை. ஆயினும், உழவனுக்குத் தொழில் உண்டென்று ஒப்புக்கொள்ளும் நாம், அவனுக்கு அறிவும் உண்டென்று ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றோம். கற்றோர் அறிவு நூல்களில் உள்ளது. உழவனுடையது வெறும் பழக்கம் என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். பருவங்கள் நிலைதடுமாறும் இக்காலத்தில் இவ்வெண்ணம் பிழையுடையது மட்டுமன்று, கேடு பயப்பதுமாம் என்பதே யான் ஈண்டு எடுத்துரைக்க விரும்புவது.

பருவத் தடுமாற்றத்திற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினின்றும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியுற்றதாக அறிவிக்கப்பட்டது. பின்னர், 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையினும் இது மிகுதி. ஆக, ஏழே ஆண்டுகளில் ஒரு நாட்டு உழவர் நீரின்மையாலும் நலிந்தனர். நீர் மிகுதியாலும் நலிந்தனர். வெப்பம் ஒரு பாகை ஏறுமாயின் காற்று முன்னையினும் ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான நீராவியை ஏந்தவல்லது என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. ஆதலின், பெய்யுங்கால் பெருமழையாகப் பெய்வது இனி மிகுமென எதிர்பார்க்க இடமுண்டு.

இந்நிலையில், பழைய உழவு எதனை நாடிற்று என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். இக்கால உழவு, நல்ல ஆண்டில் மிகுந்த விளைவு பெறுவது எங்ஙனம் என்று வினவுகின்றது. பழைய உழவோ, பொல்லாத ஆண்டில் முற்றும் இழவாதிருப்பது எங்ஙனம் என்று வினவியது. இரண்டும் தக்க வினாக்களே. ஆனால், பொல்லாத ஆண்டுகள் மலியுங் காலத்தில் இரண்டாம் வினாவிற்கு விடை தேடியவர்களை நாம் நாடவேண்டுமன்றோ?

அவர்கள் கண்ட முதல் விடை நீரைப் பற்றியது. வடபகுதியில் ஏரி என்றும், மதுரை இராமநாதபுரப் பகுதிகளில் கண்மாய் என்றும், நெல்லைச் சீமையில் குளம் என்றும் வழங்கும் நீர்நிலைகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 உள்ளன. இவை தனித்தனியே வெட்டிய பள்ளங்கள் அல்ல. மேற்குளம் நிறைந்தபின் மிஞ்சிய நீர் கலிங்கின் வழியே வெளியேறிக் கீழ்க்குளத்தை அடையும். அதன் மிகுதி அடுத்ததனை அடையும். இங்ஙனம் தொடர்ந்து கிடக்கும் குளங்கள் பெருமழையில் வெள்ளத்தின் விசையை அடக்குவன. மழையற்ற நாட்களில் மடை வழியே பயிரைக் காப்பன. கோடையில் அடியிற் படிந்த வண்டலை அள்ளி வயலுக்கு இட்டபோது குளமும் ஆழமாயிற்று, நிலமும் உரம் பெற்றது. வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் ஒரே ஏற்பாடு மருந்தாயிற்று என்பதைக் காண்க. வரத்துக்கால்கள் தூர்ந்தும் நீர்ப்பிடிப்பு இடங்கள் வீடுகளாகவும் போனபின், மழையைக் குறை கூறிப் பயன் என்ன?

இரண்டாம் விடை விதையைப் பற்றியது. நம் நெற்களின் பெயர்களைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். புழுதிக்கார், மடுமுழுங்கி, களர்பாலை, அறுபதாம் குறுவை! ஒன்று மழைக்கு முன் காய்ந்த புழுதியில் விதைக்கத் தக்கது. ஒன்று தேங்கிய நீரிலும் நிலைப்பது. ஒன்று உவர் படிந்த களர்நிலத்திற்கு உரியது. ஒன்று குறுகிய காலத்திலேயே கதிர் தருவது. நிலத்தின் குறையையும் பருவத்தின் குறையையும் கண்டு, அதற்கேற்ற நெல்லைத் தெரிந்து, அத்தெரிவைப் பெயரிலேயே பொதிந்து வைத்தவர்களை அறிவற்றவர் என்பார் உளரோ? வயலிற் கதிர் தெரிந்து, காயவைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு விதையைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்மக்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. கரிசற்காட்டிலோ, உழவன் ஒரே பயிரை நம்பினானில்லை. கம்பும் சோளமும் பயறும் பருத்தியும் கலந்து விதைத்தான். ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவன் கணக்கு.

மூன்றாம் விடை காலத்தைப் பற்றியது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை அறியாதார் இலர். பருவம் மாறிவிட்டமையால் இம்மொழி இனிப் பயன்படாது என்று சிலர் நகைப்பதுண்டு. அன்பர்காள்! அதில் ‘ஆடி’ என்பது காலம்; ‘தேடி’ என்பது முறை. காலம் பெயரலாம், முறை பெயராது. காற்றையும் மேகத்தையும் மண்ணின் ஈரத்தையும் நோக்கி, விதைக்குரிய நாளைத் தேடிக் காண்பதே அம்முறை. ஆடியைப் பற்றிக்கொண்டு தேடுதலைக் கைவிடுபவன் பழமையின் ஓட்டைக் காத்துப் பருப்பை எறிந்தவனாவான்.

இங்கு இரண்டு தடைகள் எழும்பும். பழைய நெற்களின் விளைவு குறைவு, உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடுவன, பெருகிய மக்கட்டொகைக்கு அவை போதா என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. ஆயினும், பழையதையும் புதியதையும் பகையாக்க வேண்டுவதில்லை. இதற்கு ஒடிசா நாட்டு நெல் ஒன்று சான்று. அந்நாட்டு உழவர் வெள்ளம் தேங்கும் நிலங்களிற் பயிரிட்டுவந்த தளபுட்டியா என்னும் நெல்லினின்றும் எஃப்.ஆர். 13ஏ என்னும் வகை தெரிந்தெடுக்கப்பட்டது. நீரில் மூழ்கியும் அது மடியாததற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2006-இல் கண்டு வெளியிட்டனர். மிகுந்த விளைவு தரும் ஸ்வர்ணா நெல்லில் அப்பண்பைச் சேர்த்து உண்டாக்கிய வகை 2009-இல் இந்தியாவில் உழவர்க்கு வழங்கப்பெற்றது. அது முழுதும் நீரில் மூழ்கி ஏறத்தாழ இரண்டு வாரம் கிடந்தபின்னும் மீண்டெழ வல்லது. ஆய்வுக்கூடம் அம்மரபணுவைக் கண்டது. ஆனால், உழவர் அந்நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காவாதிருந்தால் ஆய்வுக்கூடம் எதனைக் கண்டிருக்கும்?

மற்றொரு தடை இதனினும் ஆழமானது. பழைய ஊர் ஒழுங்கு நீதியான ஒழுங்கோ என்பது அது. அன்று என்பதே நேர்மையான விடை. மடை திறந்து கரை காத்து நள்ளிரவிலும் நீர் பாய்ச்சியவர் பலர்; அவருள் நிலமுடையோர் மிகச் சிலர். தாழ்த்தப்பட்ட மக்களின் உழைப்பினாலும் அறிவினாலும் குளம் நிலைத்தது. அதன் விளைவோ பிறர் களஞ்சியத்தை நிறைத்தது. ஆகையால், பழமையை அப்படியே மீட்போம் என்பார் கூற்றை யான் ஏற்கமாட்டேன். மீட்க வேண்டுவது அறிவை. அதனைச் சூழ்ந்திருந்த அநீதியையன்று. 2017-இல் தமிழ்நாட்டு அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே நீர்நிலைகளைச் செப்பனிடும் திட்டமொன்றைத் தொடங்கியது. கரையை உயர்த்தப் பொருள் போதும். நீரை முறையாகப் பங்கிட, நிலமுடையோரும் இல்லாரும், ஆடவரும் பெண்டிரும் சமமாக அமரும் ஊர்ச்சபை வேண்டும். அஃதின்றேல் குளம் மீளும், குளத்தின் அறிவு மீளாது.

அறிவு மறைவது ஓசையின்றி நிகழ்வது. மாளிகை இடிந்தால் ஊர் அறியும். நெல் வகை ஒன்று ஓராண்டு விதைக்கப்படாது போய், மறு ஆண்டும் விதைக்கப்படாது போயின், விதை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது, அதனை வளர்க்கும் முறை அறிந்த முதியவரும் மறைகின்றார், ஒருவரும் அழுவதில்லை. இவ்விழப்பைத் தடுக்க முயன்றோருள் திருத்துறைப்பூண்டி வட்டாரத்து நெல் ஜெயராமன் ஒருவர். 2018-இல் காலமான அவர் 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். சேர்த்தவற்றைப் பெட்டியில் இட்டுப் பூட்டினாரல்லர். விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை பெறுபவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டுமென்று ஒழுங்கு செய்தார். விதை வாழ்வது வயலில் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் கலாசாலை மாணவர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம்மிற் பலர் உழவர் குடியிற் பிறந்தோம். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு குறிப்புப் புத்தகத்தை உடன்கொண்டு செல்வோமாக. ஊரிலுள்ள முதியோரிடம் சென்று, எந்நெல்லை எம்மண்ணில் எந்நாளில் விதைத்தனர், அஃது எத்தனை நாள் நீரிற் கிடந்தும் பிழைத்தது, குளத்து நீர் எம்முறையிற் பங்கிடப்பட்டது என்று கேட்டு எழுதுவோமாக. சொன்னவர் இசைவையும் பெயரையும் பெறாமல் அவர் அறிவை வெளியிடல் தகாது. உழவர் தாம் காத்த பயிர் வகைகளில் உரிமையுடையர் என்பதை 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. தாவரநூல் பயில்வோர் அக்குறிப்புக்களை வயலிற் சோதித்துப் பார்க்கட்டும். தேறியதைக் கொள்வோம், தேறாததை விடுவோம். ஆராயாது புகழ்வதும் ஆராயாது இகழ்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்களே.

வானம் நம் கட்டளைக்கு அடங்குவதன்று. வானம் பொய்த்தாலும் மிகுந்தாலும் மண்ணில் செய்யத்தக்கது இன்னதென அறிந்தோர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் நாட்கள் எண்ணப்பட்டவை. கேட்கச் செல்வதற்கு அடுத்த விடுமுறையே தக்க காலம் என்க.