இணைய முகவரியும் நிலைபேறும்

ஒருவரைக் காணச் செல்வோர்க்கு முதற்கண் வேண்டுவது அவர் உறையும் இடத்தின் முகவரியே. நூலைத் தேடுவோர்க்கும் அஃதே முறை. இக்காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் ஏட்டுச் சுவடிகளின் படங்களும் கல்லூரி மலர்களும் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. ஏற்றுதல் எளிது, ஏற்றியதை அதே முகவரியிற் காத்தல் அரிது. இக்கடமையைத் தமிழராகிய நாம் இன்னும் செவ்வனே கருத்திற் கொள்ளவில்லை என்பதே எமது துணிபு.

முன்னோர் இதில் நம்மினும் விழிப்புடையராய் இருந்தனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில் வெட்டப்பெற்ற அது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் ஆங்கிருந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் பற்றி விரித்துரைக்கின்றது. 950 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதனைக் காண விழைவோன் அச்சுவரின்முன் சென்று நின்றாற் போதும். சாலை மறைந்தது, சான்று இடம்பெயரவில்லை.

தொண்டைநாட்டுச் சோழர் கல்வெட்டுக்கள் ஓர் ஊரைக் குறிக்குங்கால் மண்டலம், கோட்டம், நாடு, ஊர் எனப் பெரியதினின்று சிறியதற்கு முறையே இறங்கி வருதலைக் காணலாம். இணைய முகவரியும் அத்தகையதே. முதலில் தளத்தின் பெயர், பின்னர்ப் பிரிவு, இறுதியிற் பக்கம். இன்னுமொரு நுட்பமும் உண்டு. ஊருக்குப் புதுப்பெயர் சூட்டியபோது பழம்பெயரை அவர் துறந்தாரல்லர். 'ஆன' என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் பிணைத்தனர். உத்தரமேரூரான இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் என்றமையால், பழம்பெயர் அறிந்தோனும் புதுப்பெயர் அறிந்தோனும் ஓரூரையே சென்றடைந்தனர்.

இணையத்திலோ நிகழ்வது யாது? தளத்தைப் புதுக்குவோர் பக்கங்களுக்கெல்லாம் புதுமுகவரி இட்டுப் பழையவற்றை அடைத்துவிடுகின்றனர். பழைய முகவரியை நம்பி வருவோன் '404' என்னும் எண்ணையும், பக்கம் காணப்படவில்லை என்னும் அறிவிப்பையும் கண்டு திரும்புகின்றான். பியூ ஆராய்ச்சி மையம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுக்குள் அடைய இயலாதனவாயின. கல்லிற் பொறித்தது ஓராயிரம் ஆண்டை எட்டுகின்றது. மின்வலையில் ஏற்றியது பத்தாண்டும் நில்லாமை வருந்தத்தக்கதன்றோ?

இதனால் விளையும் கேடு பக்கத்தின் இழப்போடு நில்லாது. 1998-இல் தோன்றிய கூகுள் நிறுவனம், பிற தளங்களினின்று ஒரு பக்கத்திற்கு வரும் தொடுப்புக்களைச் சான்றுரைகளாக மதித்தே அதன் சிறப்பை அளவிடத் தொடங்கியது. முகவரி மாறின் அச்சான்றுரைகள் அற்றுப்போம். நற்கட்டுரையும் தேடுபொறியின் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். இதற்கு மருந்து உண்டு. '301' என்னும் எண்ணால் வழங்கும் வழிமாற்றுக் குறிப்பு, பழைய முகவரிக்கு வருவோரையும் தேடுபொறியையும் புதிய இடத்திற்கு அழைத்துச் செல்லும். நம் முன்னோர் வழங்கிய 'ஆன' என்னும் சொல்லின் தொழிலை இன்று செய்வது அதுவே. வலையை ஆக்கிய திம் பெர்னர்சு-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என 1998-இலேயே வற்புறுத்தினார். கோப்பின் வகை, மென்பொருளின் அடையாளம் முதலிய நிலையற்றவற்றை முகவரியில் வைத்தலாகாது என்றும் அறிவுறுத்தினார்.

முகவரியைத் தமிழெழுத்தில் அமைத்தலே தகும் என்பார் உளர். எமக்கும் அவ்விருப்பம் உண்டு. ஆயினும் அம்முகவரியைப் படியெடுத்து ஒட்டுங்கால், மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் பல இடங்களில் ஒன்பது குறிகளாக விரிகின்றது. திருமுக்கூடல் என்னும் ஒரு பெயரே 117 குறிகளாக நீள்கின்றது. உரோம எழுத்திலோ அவ்வூர்ப் பெயரை ஒருவர் எழுதுமாறு மற்றொருவர் எழுதுவதில்லை. முகவரியிலுள்ள சொல் தேடுபொறிக்குச் சிறு துணையே ஆதலின், ஏதேனும் ஒரு குறுகிய வடிவைத் தேர்ந்து மாற்றாதிருத்தலே நன்று. தலைப்பிலும் உள்ளுரையிலும் தமிழ்ப்பெயர் தெளிவுற விளங்குதல் வேண்டும்.

இது பொருட்செலவு மிக்கது என்பாருக்கு யாம் கூறும் விடை ஒன்றே. பழையதையும் புதியதையும் இணைக்கும் அட்டவணை சில வரிகளே. தளத்தின் பெயருரிமையைக் காலந்தோறும் புதுப்பிக்க ஒருவர் பொறுப்பேற்றாற் போதும். புதுப்பிக்க மறந்த பெயரைப் பிறர் வாங்கிச் சூதாட்ட விளம்பரத்திற்குப் பயன்படுத்துதலும் உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தான் வெளியிட்ட ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் இட்டது. அவ்வெண்ணைக் கொண்டே நூலை இன்றும் தேடிப் பெறலாம். தன்னார்வலர் சிலர் ஆற்றியதை ஒரு கல்லூரி ஆற்ற இயலாதோ?

ஆதலின் நம் கல்லூரிக்கு யாம் வேண்டுவன மூன்று. மலரிலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத் தனிமுகவரி அமைக. ஆண்டுதோறும் தமிழ் மாணவர் இருவர் தொடுப்புக்களைச் சோதித்து, முறிந்தவற்றைச் செப்பஞ்செய்க. ஒவ்வொரு பக்கத்தின் படியும், 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணகத்திற் சேர்க்கப்படுக. இன்று இளைஞர் எழுதுவனவற்றை ஐம்பதாண்டு கழித்து ஒருவர் தேடிவரலாம். அவர் வருங்கால் கதவு அடைபட்டிராமற் காத்தல் இன்றுள்ள நம் கையிலேயே உளது.