பிறனில் விழையாமையும் பிரிவு 497உம்

திருக்குறளில் 'பிறனில் விழையாமை' அதிகாரத்தை நடத்தும்போது, "ஐயா, உச்ச நீதிமன்றமே இதைக் குற்றமன்று என்றுவிட்டதே!" என்று மாணவர் ஒருவரேனும் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதியரசர் கொண்ட அமர்வு, ஜோசப் ஷைன் வழக்கில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது உண்மையே. ஆயின், நீங்கியது எது என்பதைப் பலர் உற்று நோக்கவில்லை.

1860இல் ஆங்கிலேயர் இயற்றிய அப்பிரிவு ஒழுக்கத்தைக் காத்ததா? கணவன் இசைந்தாலோ உடந்தையாயிருந்தாலோ அங்குக் குற்றமே இல்லை. மணமான ஆடவன் கைம்பெண்ணை நாடினாலும் குற்றமில்லை. முறையிடும் உரிமை கணவனுக்கே. வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கு இல்லை. உடைமைக்கு இட்ட வேலியை அறத்திற்கு இட்ட வேலியென மயங்கினோம். மெக்காலேயின் முதல் வரைவில் இக்குற்றம் இடம்பெறவே இல்லை என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அவ்வழக்குகளில் அப்பெண் குற்றவாளியும் அல்லள். வழக்கின் தரப்பும் அல்லள். அவள் பெயர் மன்றமேறிச் சிதையும். அவள் சொல்லைக் கேட்டே தீரவேண்டும் என்று அப்பிரிவு விதிக்கவில்லை. 1985இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கில் இக்குறை சுட்டப்பட்டும் பிரிவு நிலைத்தது. அத்தீர்ப்பை எழுதியவர் ஒய். வி. சந்திரசூட்; 2018இல் அதனை மறுத்தவர்களுள் ஒருவர் அவர் மைந்தர்!

திருமறையின் நூர் அத்தியாயத்தை ஓதும் நம் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான்கு சாட்சிகளின்றிக் கற்புடைய பெண்மீது பழிசுமத்துவோர்க்கு அங்கு எண்பது கசையடி. சாட்சியற்ற கணவன் ஆணையிட்டுக் குற்றஞ்சாட்டினால், மனைவியும் ஆணையிட்டு மறுக்கலாம். அவள் ஆணை அவளைத் தண்டனையினின்று காக்கும். பெண்ணின் நாவிற்கு அங்குள்ள இடம் 497இல் எங்கே?

குடும்பம் சிதையும் என்பார் அச்சத்தை நான் எள்ளவில்லை. எனினும் பிறன்மனை நாடல் இன்றும் மணவிலக்கிற்குரிய காரணமே. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 497 இல்லை. இருபாலர்க்கும் பொதுவாக அதனை மீட்கலாம் என நாடாளுமன்றக் குழு 2023இல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. ஏற்காதது நன்றே. தந்தையையோ தாயையோ சிறைக்கு அனுப்பிப் பிள்ளைகளுக்கு எவ்வகை இல்லத்தை மீட்டளிக்க முடியும்?

ஆயினும், பிறன் மனைவியை மயக்கி அழைத்துச் செல்வதைத் தண்டிக்கும் பழைய 498ஆம் பிரிவு, 84 என எண் மாறிப் புதிய சட்டத்திலும் அமர்ந்திருக்கிறது. பிறன் கணவனை அழைத்துச் செல்வோர்க்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.