எதைத் துறப்பது?



மதுரைச் சமவெளியின் வெக்கையும் நோயும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வரும்வரை பெரியகுளத்துப் பக்கமிருந்து துரைமார்களை டோலியிலும், அவர்கள் பெட்டி படுக்கையைத் தலையிலும் சுமந்து மலையேறியவர்கள் கூலிச் சனங்கள். பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கச் சொன்னவர்களின் பூலோகப் பொக்கிஷம் யார் தோள்ல ஏறிச்சு?

மலையடிவாரத்து ஆலயங்களில் இன்றும் அதே பிரசங்கம்தான்: பொருள்மேல் பற்று வைக்காதே. கேட்டு உட்கார்ந்திருப்பவள், கால் பவுன் தோட்டை அடகு வைத்துப் பிள்ளைக்குப் பீஸ் கட்டியவள். வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதுகிற எனக்கு அது தெரியும். அவ எதைத் துறக்கணும்?

ஆதித் திருச்சபை நிலத்தை விற்று அவரவர் தேவைக்குப் பங்கிட்டது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். துறவைப் பேசுகிறவர்கள் பங்கீட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

விசுவாசத்துக்காக நிஜமாகவே இழந்தவர் தலித் கிறிஸ்தவர்தான். 1950 ஜனாதிபதி ஆணை அவருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. சாதிக் கிறிஸ்தவரோ ஞானஸ்நானத்தில் எதையும் இழக்கல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார். சாதிதான் அவர் விடாத சொத்து.

முதல்ல அதை இறக்கி வைக்கச் சொல்லுவோம். நாம சுமந்தது போதும்.