நேற்றுப் படித்தவர் இன்று வாத்தியார்

மைசூரின் யாதவகிரியை ஒட்டி, விட்டல் விஹார் என்றொரு வீடு. 1935 செப்டம்பரில் அந்த வீட்டிலிருந்து ஒரு ரேடியோ நிலையம் பேசத் தொடங்கியது. நடத்தியவர் எம்.வி. கோபாலஸ்வாமி, மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர். லண்டனில் ஸ்பியர்மன் என்ற பெரிய அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து திரும்பியவர். ஆனால் ஆராய்ந்தது மனித மனதைத்தான், ரேடியோ வால்வுகளை அல்ல. நிலையத்துக்கு வைத்த பெயர் ஆகாசவாணி. 1940களின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தானம் அதை ஏற்றுக்கொள்ளும் வரை பேராசிரியர்தான் கட்டி இழுத்தார். பின்னாளில் அகில இந்திய வானொலியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

டிரான்ஸ்மிட்டர் பற்றிப் பட்டம் வாங்காத ஒருவர் அதை வீட்டில் வைத்து ஊருக்கே பேசினார் என்றால் இன்று ஆச்சரியமாக இருக்கும். அன்று அப்படி இல்லை. சென்னையில் அதற்கும் 11 ஆண்டு முன்பே, 1924ல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பினார்கள். மூன்றாண்டில் பணமுடை வந்து கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போயிற்று. 1930ல் மாநகராட்சி அதே வேலையைத் தொடர்ந்தது. ரேடியோ என்பது கற்றுக்கொண்டே செய்கிற, செய்துகொண்டே அடுத்தவருக்குச் சொல்லித் தருகிற தொழிலாக இருந்த காலம் அது.

எலெக்ட்ரானிக்ஸ் வளர வளர இந்தத் தைரியம் குறைந்தது. பாடம் சொல்லும் உரிமை பட்டதாரிகளுக்குப் போனது. அதில் தவறில்லை. ஆனால் ஒரு விஷயம் கைநழுவிப் போயிற்று: 20 ஆண்டு அனுபவமுள்ள என்ஜினியருக்குத் தான் முதல் நாள் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது நினைவில் இருப்பதில்லை. நேற்று விழுந்தவருக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது. அவர் எழுதினால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார்.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் இதற்கு நல்ல சாட்சி. டெக்சாஸில் 1966ல் பட்டம் வாங்கினார். படித்த பாடம் அரசியல். எலெக்ட்ரானிக்ஸ் தானே கற்றது. 1969ல் நண்பர்களோடு அவர் தொடங்கிய சிறு கம்பெனிதான், அவர் விலகிய பிறகு, 1975ல் ஆல்டேர் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து உலகத்தைப் புரட்டியது. மிம்ஸ் பணக்காரர் ஆகவில்லை, எழுதப் போனார். 1983ல் ரேடியோ ஷாக் கடைகளுக்காக அவர் எழுதிய ஆரம்பப் பாடப் புத்தகத்தில் எழுத்து, படம் எல்லாமே கையால் போட்டவை. ஒரு மாணவனின் நோட்டைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பேராசிரியர்கள் எழுதிய எத்தனை கனமான புத்தகங்கள் அந்த எண்ணிக்கையை எட்டின என்று கேட்கக் கூடாது.

மிம்ஸுக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். லண்டனில் ஜேன் மார்செட் என்ற பெண்மணி, ஹம்ப்ரி டேவியின் ரசாயனச் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். முதலில் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பேசித் தெளிந்தார். தெளிந்ததை, ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் உரையாடுவதாக 1805ல் புத்தகமாக எழுதினார். பெயர் போடவில்லை. தனக்கு இந்த விஷயம் அண்மையில்தான் தெரியும், தன்னை ரசாயன அறிஞர் என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதலை இன்றைய எந்தப் பதிப்பாளரும் அச்சிட விடமாட்டார்.

அந்தப் புத்தகம் ஒரு பைண்டிங் கடைக்கு வந்தது. அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த பையன் பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படிக்கும் பழக்கம் உள்ளவன். மார்செட் சொன்ன சோதனைகளில், கையில் இருந்த காசுக்கு முடிந்தவற்றைச் செய்து பார்த்தான். சொன்னபடியே நடந்தது. அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே. பிறகு டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பி, 1813ல் வேலை வாங்கினான். 1831ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தான். வீட்டு வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரை அதில் அடக்கம். கடைசி வரை மார்செட் அம்மையாரைத் தன் முதல் குரு என்றே மதித்தார் ஃபாரடே.

ஆக, கற்றுக்கொண்டே எழுதுவது குறைபாடல்ல. எதை எழுதுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிய வேண்டும். பாடப் புத்தகம் ஓம் விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எல்.இ.டி. தனக்கென்று 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட். 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும், அழகாக எரியும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 470, மஞ்சள், ஊதா, பழுப்பு என்ற மூன்று வளையங்களாக வருகிறது. 47 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, கறுப்பு. டியூப் லைட் வெளிச்சத்தில் பழுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் பத்து மடங்கு மின்சாரம் பாய்ந்து எல்.இ.டி. ஒருமுறை மின்னிவிட்டு உயிரை விடும். மல்டிமீட்டரில் அளந்துவிட்டுச் சொருகு என்ற ஒரு வரியை, போன வாரம் இரண்டு எல்.இ.டி.யைக் கொன்றவர்தான் மறக்காமல் எழுதுவார்.

இன்னொன்று. அமெரிக்க சர்க்யூட்டில் 2என் 3904 டிரான்சிஸ்டர் போடச் சொல்லியிருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ கேட்டால் ‘பி.சி. 547 போடுங்க, அதேதான்’ என்பார்கள். ஏறக்குறைய அதேதான். ஆனால் தட்டையான முகத்தைப் பார்த்தபடி பிடித்தால் ஒன்றில் இடது கால் எமிட்டர். மற்றதில் இடது கால் கலெக்டர். நடுவில் இருக்கும் பேஸ் மட்டும் மாறுவதில்லை. படத்தைப் பார்த்து அப்படியே சொருகினால் புகையும் வராது, வேலையும் செய்யாது. பையன் தன் மூளையைச் சந்தேகிப்பான். எத்தனை பேர் இந்த இடத்தில் சால்டரிங் அயர்னை மூட்டை கட்டி வைத்தார்களோ!

சர்க்யூட்டில் 4கே7 என்று எழுதியிருந்தால் 4,700 ஓம். கெப்பாசிட்டர் மேல் 104 என்றிருந்தால் 104 அல்ல. 10க்குப் பின்னால் நான்கு பூஜ்யம், பைக்கோ ஃபாரட் கணக்கில். அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். ‘கிரவுண்ட்’ என்றால் மண்ணில் கம்பி நட வேண்டியதில்லை. பேட்டரி சர்க்யூட்டில் அது எல்லா அளவுக்கும் பொதுவான பூஜ்யப் புள்ளி. எலெக்ட்ரான் ஒரு பக்கம் ஓட, அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டுவது ஏன் என்ற கேள்விக்கு, எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட 1897க்கு வெகுகாலம் முன்பே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு திசையை ஊகித்து வைத்துவிட்டார் என்பதுதான் பதில். வல்லுநர்களுக்கு இவையெல்லாம் கேள்விகளே அல்ல. ஆரம்பக்காரருக்கு இவைதான் மதில் சுவர்.

தமிழில் படிப்பவருக்குச் சுவர் இன்னும் ஒரு வரிசை உயரம். பாடப் புத்தகத்தில் மின்தடை, மின்தேக்கி. கடையில் ரெசிஸ்டர், கண்டென்சர். டேட்டா ஷீட்டில் முழுக்க ஆங்கிலம். அண்ணா பல்கலைக்கழகம் 2010ல் தமிழ்வழி என்ஜினியரிங் தொடங்கியபோது எடுத்தவை சிவிலும் மெக்கானிக்கலும்தான். எலெக்ட்ரானிக்ஸ் வெளியே நின்றது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் வருகிற பிள்ளைக்கு மூன்று பாஷையிலும் ஒரே பொருளை அடையாளம் காட்டுகிற ஆள் வேண்டும்.

சுஜாதா ஓரளவு அந்த ஆளாக இருந்தார். மைசூரில் ஆகாசவாணி பிறந்த அதே 1935ல் பிறந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் அவரை ஆரம்பக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ எழுதியபோது கேள்வியை வாசகர் கையில் கொடுத்தார். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தபோது சிலிக்கனை அப்படியே விட்டு, சிப்பை மட்டும் சில்லாக்கினார். எது தமிழாக வேண்டும், எது வேண்டாம் என்பதில் அவருக்கு இருந்த காது பல அகராதிக் குழுக்களுக்கு இல்லை.

சரி, நேற்றுப் படித்தவர் எதையும் எழுதலாமா? இங்கேதான் பயம் வருகிறது. அமெரிக்காவில் சுவர் பிளக்கில் 120 வோல்ட். டயோடு போட்டு டி.சி.யாக்கி கெப்பாசிட்டரில் நிரப்பினால் அது 170 ஆகும். ஏ.சி.யின் உச்சம் சொல்லப்படும் அளவைவிட 1.4 மடங்கு என்பதால். எனவே அவர்கள் 200 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். இங்கே 230 வோல்ட், உச்சம் 325. அதே படத்தை அப்படியே தமிழில் பெயர்த்துப் போட்டால் அந்த 200 வோல்ட் கெப்பாசிட்டர் பட்டாசுபோல வெடிக்கும். வெடிக்காத பெரிய கெப்பாசிட்டரோ இன்னும் மோசம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நம்பித் தொட்டவரைத் தூக்கிப் போடும். மார்செட் அம்மையாரின் அடக்கம் இந்த இடத்துக்கு உதவாது. முன்னுரையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின் பக்கத்தில் 230 வோல்ட்டைக் கொடுக்க முடியாது.

பேட்டரி ஓடும் வரை ஆரம்பக்காரர் தாராளமாக எழுதலாம். தப்பு செய்தால் போவது இரண்டு ரூபாய் எல்.இ.டி. பிளக்கில் சொருகும் வேலை என்றால், அந்தப் பக்கத்தை அனுபவசாலி ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அச்சுக்கு அனுப்பக் கூடாது. தானே செய்து பார்க்காத எந்த சர்க்யூட்டையும் எழுதக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. செய்தபோது என்ன தப்பு நேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சரியாக வந்த படத்தைவிட, தலைகீழாகச் சொருகிய பி.சி. 547ன் படம் ஆரம்பக்காரருக்கு அதிகம் பயன்படும்.

டோனி குப்ஃபால்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் மின்சுற்றுப் பாடங்களைப் பல பாகங்களாக எழுதி, யாரும் இலவசமாகப் படிக்கலாம், திருத்தலாம் என்று விட்டிருக்கிறார். பின்னிணைப்பில் பிழை சுட்டிக்காட்டியவர்களின் பட்டியலும் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழையைக் காட்டியவருக்கும் அதில் இடம் உண்டு.